கன்டெய்னருக்குள் மட்டும் இணையம் நின்றபோது

சென்ற நவம்பர் மழையில் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் மூன்று முறை வந்து போனார். இணைய இணைப்பு நிறுவனத்தின் களப்பணியாளர். அதில் இரண்டு முறை கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறினார். மூன்று முறையும் கோளாறு அவர் கொடுத்த இணைப்பில் இல்லை. எங்கள் சர்வரிலும் அதைச் சுற்றி நான் கட்டி வைத்திருந்த ஏற்பாட்டிலும் இருந்தது. அதை முழுதாகக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. மெய்நிகர் இயந்திரங்களையும் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் ஆன தனிக் கணினிகள்) கன்டெய்னர்களையும் (செயலிகளைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகள்) வைத்துக்கொண்டு வேகம் வரவில்லையே என்று திண்டாடுகிறவர்கள், வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர். கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறிய தொழிற்கூடங்களுக்குச் சம்பளப் பட்டியலும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் தயாரித்துக் கொடுக்கிறோம். மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் வைப்பு நிதியைக் கட்டியாக வேண்டும் என்பதால் 10ஆம் தேதி பிறந்துவிட்டால் அலுவலகத்தில் ஒருவரும் தலை நிமிர மாட்டோம். மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு சர்வர், அதில் லினக்ஸ். அதற்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள்: பழைய கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் ஒன்று, சோதனைகளுக்காக லினக்ஸ் ஒன்று. எங்கள் சொந்தச் செயலிகள் பன்னிரண்டும் டாக்கர் என்ற மென்பொருள் உருவாக்கும் கன்டெய்னர்களில் ஓடுகின்றன. இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மழையில் பழைய இணைப்பின் கம்பி அறுந்தது. ஒட்டினார்கள். மறுபடியும் அறுந்தது. கடைசியில் அதைக் கைவிட்டு 300 மெகாபிட் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். முதல் நாளே சர்வரில் வேகத்தை அளந்தேன்: 94 மெகாபிட். காலையில் 94, மதியம் 94, இரவு பதினொரு மணிக்கும் 94. உடனே புகார் செய்தேன். அந்த இளைஞர் மழைக்கோட்டுடன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, கருவியில் ஒளியின் அளவைக் காட்டினார். மைனஸ் 19 டிபிஎம். "நல்ல அளவு சார், குறையே இல்லை" என்றார். தன் மடிக்கணினியை நேராக ரவுட்டரில் செருகி, 300 வருவதையும் காட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அவருடைய மடிக்கணினியைச் சந்தேகப்பட்டேன்.

நெரிசலால் குறைகிற வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். இரவும் பகலும் அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் எங்கோ ஒரு தடுப்பு இருக்கிறது என்று பொருள். அதிலும் 94 என்ற எண் தனியாகவே கதை சொல்லும். 100 மெகாபிட் ஈதர்நெட்டில் (கேபிள் வழி வலையமைப்பு), ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது தரவுத் துண்டின், முன்னால் ஒட்டும் தலைப்புகளுக்குப் போகும் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். சர்வரில், கேபிள் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை ஓட்டியபோது, 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். எங்கள் கேபிளின் முனையில் பழுப்புக் கம்பி ஒன்று சரியாகக் கடிபடாமல் பிளாஸ்டிக்குக்குள் தளர்ந்து நின்றது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிகிற அளவுக்குக் குட்டையாக இருந்தது அந்தக் கம்பி. ரிச்சி தெருவில் புதிய கேபிள் வாங்கி மாட்டினேன். சர்வரில் 280ஐத் தாண்டியது.

இரண்டாவது கோளாறு இன்னும் சின்னது. கன்டெய்னரில் ஓடும் செயலிகள் எந்த வெளித்தளத்தை அழைத்தாலும் முதலில் ஐந்து வினாடி சும்மா நின்றன. பிறகு ஓட்டமாக ஓடின. இதற்கும் அவரை வரவழைத்தேன். ரவுட்டருக்கு வரும் ஃபைபர் இணைப்புக் கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், பாவம். ஐந்து வினாடி என்பது லினக்ஸில் பெயர் தேடும் பகுதி, தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் பதிலுக்காக வழக்கமாகக் காத்திருக்கும் நேரம். பழைய ரவுட்டரைக் கழற்றியபோது சர்வரின் டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருந்தேன். ஆனால் கன்டெய்னர் கிளம்பும்போது என்ன முகவரி கொடுக்கப்பட்டதோ அதுவே அதற்குள் தங்கிவிடும். நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர்கள் இல்லாத பழைய ரவுட்டரிடம் முதலில் கேட்டு, ஐந்து வினாடி காத்து, பிறகு அடுத்த முகவரிக்குப் போயின. மறுதொடக்கம் செய்ததும் சரியாகிவிட்டது. தாமதம் ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து என்று கணக்காக வந்தால் வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு முதலில் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது.

புதிய இணைப்பில் எங்களுக்கென்று தனிப் பொது முகவரி, அதாவது வெளி இணையத்தில் எங்களை அடையாளம் காட்டும் ஐபி எண், கிடையாது. ரவுட்டருக்கு வந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பு நிறுவனங்களுக்காக 2012இல் ஒதுக்கினார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் இரண்டு பேருடைய சர்வர்கள், பதிவு செய்த நிலையான முகவரியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். ஆகவே மும்பைத் தரவு மையம் ஒன்றில் சிறிய மெய்நிகர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, எங்கள் சர்வரிலிருந்து அதுவரை வயர்கார்டு சுரங்கம் ஒன்றை (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை, விபிஎன்) அமைத்தேன். உள்ளே இருந்து போகும் எல்லாமே அந்தச் சுரங்கம் வழியாக மும்பை போய், அங்குள்ள நிலையான முகவரியோடு வெளியே போகும். இப்படிச் செய்கிற சிறிய அலுவலகங்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

அமைத்து முடித்துச் சர்வரில் சோதித்தேன். எல்லாம் திறந்தது, வேகமும் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் நான்கு பேர் வந்து நின்றார்கள். விண்டோஸ் இயந்திரத்தில் சில தளங்கள் உடனே வருகின்றன, சில வரவே இல்லை. கன்டெய்னரிலிருந்து வருகைப்பதிவுக் கோப்பை எடுக்கப் போனால் இணைப்பு கிடைக்கிறது, பிறகு ஒன்றுமே வருவதில்லை. ஒரு தளத்தில் மட்டும் கோப்பு வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக. எல்லாருடைய வாயிலும் ஒரே சொல்: நெட் ஸ்லோ. 15ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறு வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வேகமாக வந்து குறைவது, சீராகவே குறைவாக வருவது, முதலில் நின்று பிறகு ஓடுவது, முதலில் ஓடிப் பிறகு நிற்பது. இவை நான்குக்கும் காரணங்கள் வேறு. வந்து நின்ற நான்கு பேரிடமும் "எப்படி மெதுவாக இருக்கிறது?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. மூன்றாம் முறையாக அந்த இளைஞரை அழைத்தேன். அன்றுதான் மழை மிக அதிகம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் போன பிறகு நானே இறங்கினேன். முதலில் கை வைத்தது தவறான இடத்தில். சோதனைக்கான மெய்நிகர் இயந்திரத்துக்கு, பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போல நடிக்கும் ஈ1000 வகை வலையட்டையைக் கொடுத்திருந்தேன். அப்படிப்பட்ட அட்டையின் ஒவ்வொரு அசைவையும் மென்பொருள்தான் நடித்துக் காட்ட வேண்டும். அதனால் சர்வரின் சிபியுவுக்குச் சுமை. மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகைக்கு மாற்றினேன். சர்வருக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையே ஐபெர்ஃப்3 வைத்து அளந்தபோது வேகம் பல மடங்கு கூடியது. மனம் குளிர்ந்தது. வெளித்தளங்கள் அப்படியே நின்றன. வலையட்டை பெரிய பாக்கெட்டுகளைத் தானே வெட்டி அனுப்பும் வசதிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். சில ஏற்பாடுகளில் அவையும் தொல்லை கொடுக்கும் என்பது உண்மை. ஒரு மாற்றமும் இல்லை. இங்கே ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: பயன் தராத ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே பழைய நிலைக்குத் திருப்பினேன். இல்லாவிட்டால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாத நிலைக்கு வந்திருப்பேன்.

அன்றிரவு ஒரு வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தேன். ரவுட்டரில் செருகிய மடிக்கணினி: சரி. சர்வர்: சரி. மெய்நிகர் இயந்திரம்: கோளாறு. கன்டெய்னர்: கோளாறு. மெய்நிகர் இயந்திரம் ஒரு தொழில்நுட்பம், கன்டெய்னர் முற்றிலும் வேறொன்று. ஒன்றில் போலி வலையட்டை உண்டு, முழு இயங்குதளம் உண்டு. மற்றொன்று சர்வரின் கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பகிர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் ஒரே நோய் என்றால் இரண்டுக்கும் பொதுவானது எது? சர்வர் தானே உருவாக்கி அனுப்பும் பாக்கெட்டுகள் பிழைக்கின்றன. யாரோ கொடுத்து, சர்வர் கைமாற்றிவிடும் பாக்கெட்டுகள் சாகின்றன. தாளில் அந்த இரண்டு வரிகளும் வந்ததும் விடிந்தது போல இருந்தது.

இன்னொரு தடயமும் சேர்ந்தது. எங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் வெளிச்சர்வருக்குச் சோதனை இயந்திரத்திலிருந்து மாற்றங்களை அனுப்ப முடிந்தது; அங்கிருந்து எடுக்கத்தான் முடியவில்லை. கொடுப்பது போகிறது, வாங்குவது வரவில்லை. பிங் அடித்தால், அதாவது "இருக்கிறாயா" என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பினால், பதில் வருகிறது. சின்னது வருகிறது, பெரியது வருவதில்லை.

சின்னது வந்து பெரியது நின்றால் எம்டியுவைச் சந்தேகியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

எம்டியு என்பது ஒரு பாதையில் ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு. ஈதர்நெட்டில் 1500 பைட். வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டி, மேலே இன்னொரு உறை போடுகிறது. ஐபி நான்காம் பதிப்பில் அந்த உறைக்கு 60 பைட், ஆறாம் பதிப்பில் 80. இரண்டுக்கும் இடம் இருக்கட்டும் என்று சுரங்கத்தின் எம்டியுவை அது வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் டாக்கர் தன் கன்டெய்னர்களுக்குக் கொடுக்கும் பாலத்தின் (அவற்றைச் சர்வரோடு இணைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) எம்டியு 1500. மெய்நிகர் இயந்திரங்களின் பாலத்துக்கும் 1500. முன்னால் குறுகலான சுரங்கம் இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

ஒரு டிசிபி இணைப்பு (அனுப்பியது சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் இணைப்பு முறை) தொடங்கும்போது இரு தரப்பும் "நான் ஒரு முறைக்கு இவ்வளவுதான் வாங்குவேன்" என்று அளவு சொல்லிக்கொள்கின்றன. அதன் பெயர் எம்எஸ்எஸ். எம்டியுவில் 40 கழித்தால் வருவது. சர்வர் தானே ஒரு தளத்தை அழைக்கும்போது, சுரங்கம் வழியாகப் போகிறோம் என்று அறிந்து 1380 என்று சொல்கிறது. எதிர்த்தளம் அதற்கேற்பச் சின்னதாக அனுப்புகிறது, எல்லாம் நலம். கன்டெய்னரோ 1460 என்று சொல்கிறது. எதிர்த்தளம் நம்பி 1500 பைட் பாக்கெட்டை அனுப்புகிறது. அது மும்பை வரை வந்துவிடுகிறது. அங்கே 1420 சுரங்கத்துக்குள் நுழைய முடியவில்லை.

ரயில் பாலத்தின் அடியில் போகும் சுரங்கப்பாதைகளின் முகப்பில் உயரத்தைக் காட்டும் இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரமான லாரி வந்தால் அங்கே நிற்கும் காவலர் திருப்பி அனுப்புவார்: இந்த உயரம் போகாது, சுமையைக் குறைத்துக்கொண்டு வா. இணையத்தில் அந்தக் காவலரின் குரல் ஐசிஎம்பி செய்தி. "துண்டாக்காமல் போகாது, இங்கே எம்டியு 1420" என்று அனுப்பியவருக்குச் சொல்லும் செய்தி அது. பாதையின் எம்டியுவை இப்படிக் கேட்டறியும் முறை 1990லேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. காவலரின் வாயைக் கட்டிவிட்டால்? லாரி திரும்பாது, ஊருக்குத் தகவலும் போகாது. அனுப்பியவர் அதே உயரத்தில் இன்னொரு லாரியை அனுப்பிக்கொண்டே இருப்பார்.

வாயைக் கட்டியது நான்தான். மும்பை இயந்திரத்தை அமைத்த அன்று, பாதுகாப்பு என்று நினைத்து, அந்த இயந்திரத்திலிருந்து கிளம்பும் ஐசிஎம்பி முழுவதையும் ஒரே விதியில் தடுத்திருந்தேன். பிங்கும் ஐசிஎம்பி வகைதான். உள்ளேயிருந்து அடிக்கும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டிருந்ததால் ஐசிஎம்பி நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில்கள் மும்பை இயந்திரத்தைக் கடந்து போகிறவை. அதுவே பேசுபவை அல்ல. தடை அது பேசுவதற்கு மட்டும்தான்.

ஊகத்தை உறுதி செய்ய இரண்டு சோதனைகள். முதலாவதை யாரும் ஒரு நிமிடத்தில் செய்யலாம். லினக்ஸில் பிங் கட்டளையோடு துண்டாக்காதே என்ற விருப்பத்தையும் அளவையும் கொடுங்கள். அளவு 1472. அதோடு ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் சரியாக 1500. கன்டெய்னருக்குள்ளிருந்து அடித்தேன், போகவில்லை, எம்டியு 1420 என்று சர்வரே திருப்பிச் சொன்னது. 1392 கொடுத்தேன், போனது. 1393, போகவில்லை. விண்டோஸிலும் இதே சோதனை உண்டு. அங்கே துண்டாக்காதே என்பதற்கு எஃப், அளவுக்கு எல். அனுப்புவது மட்டும் ஏன் வேலை செய்தது என்பதும் இதில் விளங்கிவிட்டது. வெளியே போகும் பெரிய பாக்கெட்டை எங்கள் சர்வரே தடுத்து, அளவு சொல்லித் திருப்பிவிடுகிறது. அதன் வாயை நான் கட்டவில்லை. வரும் பாக்கெட்டைத் தடுக்கும் இடம் மும்பை.

இரண்டாவது சோதனைக்கு மும்பை இயந்திரத்தில், கடந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டினேன். ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம், மறு ஜன்னலில் சுரங்கத்தின் பக்கம். கன்டெய்னரிலிருந்து ஒரு கோப்பைக் கேட்டேன். முதல் மூன்று கைகுலுக்கல் பாக்கெட்டுகளும் இரண்டு ஜன்னல்களிலும் வந்தன. கன்டெய்னரின் கோரிக்கை போனது. பிறகு வெளிப்பக்க ஜன்னலில் நீளம் 1460 என்று ஒரு வரி. சுரங்கத்து ஜன்னலில் ஒன்றுமில்லை. சிறிது நேரம் கழித்து அதே வரி மறுபடியும், அதே எண்ணோடு. அடுத்தது அதைப் போல இரு மடங்கு நேரம் கழித்து. அதற்கடுத்தது இன்னும் இரு மடங்கு. யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பவருக்குக் கேட்கவே இல்லை. அந்த இடைவெளிகள் நீண்டுகொண்டே போனதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாக எங்கள் அலுவலகத்தில் மெதுவு என்று சொல்லப்பட்டது அந்தத் திரையில் நான்கைந்து வரிகளாக இருந்தது.

ஒரு தளம் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்ததற்கும் விடை கிடைத்தது. சில சர்வர்கள், பல முறை அனுப்பியும் பதில் வராவிட்டால், அளவுதான் காரணமாக இருக்கும் என்று ஊகித்துத் தாமாகவே சின்னதாக்கி அனுப்பும். லினக்ஸிலும் அதற்கு ஓர் அமைப்பு உண்டு. அப்படிப்பட்ட தளங்கள் தாமதித்து வரும். மற்றவை வரவே வராது. தளத்துக்குத் தளம் அறிகுறி மாறுவதால்தான் இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. மும்பையில் ஐசிஎம்பி தடையை நீக்கினேன். அது மட்டும் போதாது; மும்பை இயந்திரம் சொன்னாலும் எதிர்த்தளத்தின் தீச்சுவர் (ஃபயர்வால்) அந்தச் செய்தியை உள்ளே விடும் என்ற உறுதி இல்லை. ஆகவே எங்கள் சர்வரிலேயே, சுரங்கம் வழியாகக் கைமாறிப் போகும் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ்ஸைப் பாதையின் அளவுக்கு இறக்கும் விதியை, லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டுகளைத் திருத்துவதற்கான மேங்கிள் அட்டவணையில் சேர்த்தேன். கன்டெய்னர் 1460 என்று சொல்லி அனுப்பினாலும், சர்வரைத் தாண்டும்போது அது 1380 ஆகிவிடும். விதியைச் சேர்த்த அடுத்த நொடி, நின்றுகொண்டிருந்த கோப்பை மறுபடி கேட்டேன். எண்கள் ஓடின.

அந்த விதியைக் கையால் அடித்து விட்டுவிடாதீர்கள். மறுதொடக்கத்தில் போய்விடும். மின்தடை முடிந்து சர்வர் எழுந்த ஒரு காலையில் எனக்கு அப்படித்தான் போனது. சுரங்கம் எழும்போதே விதியும் எழும்படி வயர்கார்டின் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

கன்டெய்னர்களின் எம்டியுவையும் திருத்த நினைத்தபோது இன்னொரு குழியில் விழுந்தேன். டாக்கரின் டீமன் (பின்னணியில் ஓடும் சேவை) அமைப்புக் கோப்பில் எம்டியு 1420 என்று எழுதி மறுதொடக்கம் செய்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் 1500தான். அந்த அமைப்பு டாக்கரின் இயல்பான பாலத்துக்கு மட்டுமே செல்லும். பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து ஏற்றும் டாக்கர் கம்போஸ் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. அதற்கான எம்டியுவைக் கம்போஸ் கோப்பில், அந்த வலையமைப்பின் டிரைவர் விருப்பங்களுக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும், ஏற்கெனவே இருக்கும் வலையமைப்பு மாறாது. முழுவதையும் இறக்கி, வலையமைப்பை நீக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். எழுதிவிட்டோம் என்பதை நம்பாமல் ஒவ்வொரு முறையும் கன்டெய்னருக்குள் போய் எண்ணைப் பார்த்துக்கொள்வதே எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

கடைசியாக, எல்லாவற்றையும் மும்பைக்கு அனுப்புவதையும் நிறுத்தினேன். சென்னைக்கும் மும்பைக்கும் வான்வழித் தூரமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒளி ஃபைபருக்குள் வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய் வர 10 மில்லி வினாடிக்குக் குறைந்து முடியாது, உண்மையில் அதைவிட அதிகமாகவே ஆகும். பக்கத்தில் கிடைக்கக்கூடியதை எதற்காக அங்கே போய் வாங்கி வர வேண்டும்? நிலையான முகவரி கேட்கும் அந்த இரண்டு வாடிக்கையாளர்களின் முகவரிகளை மட்டும் சுரங்கத்துக்குள் விட்டேன். மற்றவை நேர்வழியில் போகின்றன.

இதற்குப் பிறகு தெரிந்தவர்கள் சிலர் தங்கள் கதைகளோடு வந்தார்கள். அக்காவின் மகன் தாம்பரத்தில் பொறியியல் படிக்கிறான். மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரம் வைத்திருக்கிறான். "உள்ளே பதிவிறக்கம் ஊர்கிறது மாமா" என்றான். எம்டியு என்று உடனே சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கோப்பை வட்டில் சேமிக்காமல், வந்ததை அப்படியே தூக்கியெறியும் லினக்ஸின் /dev/null-க்கு அனுப்பச் சொன்னேன். பறந்தது. இணையத்தில் குறையே இல்லை. பழைய சுழலும் வட்டு, அதன்மேல் எழுத எழுத வளரும் மெய்நிகர் வட்டுக் கோப்பு. எழுதும் வேகம்தான் இழுத்துப் பிடித்திருந்தது. கன்டெய்னர் படிமங்களை (இமேஜ்) இறக்கும்போதும் இதே மயக்கம் வரும். இறங்குவது ஒரு வேலை, சுருக்கத்தைப் பிரித்து வட்டில் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டையும் பிரித்து அளந்துவிட்டுப் பேசுவது நல்லது. வாடகை மெய்நிகர் இயந்திரம் என்றால், சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் எஸ்டி (st) என்ற எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். அது ஏறியிருந்தால் உங்கள் பங்குச் சிபியு நேரத்தைப் பக்கத்து இயந்திரங்கள் தின்கின்றன, வலையமைப்பை எவ்வளவு நோண்டினாலும் பயன் இராது.

15ஆம் தேதிக்கு முன் எங்கள் வேலை முடிந்தது. அந்தச் சனிக்கிழமை களப்பணியாளர் இளைஞரை அழைத்தேன். "தம்பி, மூன்று முறையும் உங்கள் லைனில் குறை இல்லை. எங்கள் பக்கம்தான். மழையில் உங்களை ஏற வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றேன். எதிர்பார்க்கவில்லை போலும், சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, என்ன குறை என்று கேட்டார். அந்தப் பக்கம் வந்தால் உள்ளே வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தார். அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் தேநீர் குடித்துக்கொண்டே, ரசீதின் பின்பக்கத்தில் 1500, 1420, 1392 மூன்றையும் எழுதி, 28 எங்கிருந்து வருகிறது என்று காட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு நாள் விருகம்பாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார். கைப்பேசியில் எல்லாம் திறக்கிறதாம், அந்த வீட்டுப் பெண்மணியின் அலுவலக மடிக்கணினியில் மட்டும் சில தளங்கள் தொடங்கி நிற்கின்றனவாம். ரவுட்டரை அந்த வீட்டுக்காரரே கடையில் வாங்கி வைத்திருந்தார்.

"பிங் அடித்துப் பார்த்துவிட்டேன் சார். 1464 போகிறது. 1465 போகவில்லை."

1464உடன் 28 சேர்த்தால் 1492. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஈ இணைப்பு எட்டு பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சும் அளவு. ரவுட்டரின் அமைப்பில் எம்டியு என்ன இருக்கிறது என்று கேட்டேன். 1500 என்றார். அதை 1492 ஆக்கி, எம்எஸ்எஸ் இறக்கும் விருப்பம் இருந்தால் அதையும் இயக்கச் சொன்னேன். தொலைபேசியை வைக்காமலே மாற்றினார். பின்னணியில் அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது: "வந்துவிட்டது, வந்துவிட்டது."